"குளிச்சீங்களா?": நிக்கோவின் கெகோன் அருவியும் யுமோட்டோ வெந்நீர் ஊற்றும்

ஜப்பானில் போய் அருவி பார்த்துவிட்டு வந்தோம் என்று சொன்னதும் எங்கள் தெருவில் யாரும் உயரம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்கவில்லை. பால்காரர் முதல் கீழ்வீட்டு அத்தை வரை ஒரே கேள்வி: "குளிச்சீங்களா?" இல்லை, அங்கே குளிக்க விடமாட்டார்கள் என்றால் முகம் மாறுகிறது. அவ்வளவு பணத்தைக் கொட்டிப் போய் தள்ளி நின்று பார்த்துவிட்டா வந்தீர்கள் என்று வாயைத் திறக்காமலே கேட்கிறார்கள். நியாயம்தான். குற்றாலமும் கும்பக்கரையும் சுருளியும் பார்த்து வளர்ந்த நமக்கு அருவி என்றால் அது தலையில் விழ வேண்டும். என் சின்ன வயதில் குட்லாடம்பட்டியில் தண்ணீர் விழுகிறது என்று காதில் விழுந்தால் போதும், அப்பா ஸ்கூட்டரில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டி ரோட்டில் கிளம்பிவிடுவார், பையில் துண்டும் நல்லெண்ணெய்ப் புட்டியும் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

அதனால் இந்த விமர்சனத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். போக நினைப்பவர்களுக்கு, அதுவும் வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: டோக்கியோவிலிருந்து காலையில் போய் அருவியைப் பார்த்துவிட்டு இரவே திரும்புகிற திட்டமாக இருந்தால் போகாதீர்கள், காசுக்குக் கேடு. மலைமேல் யுமோட்டோவில் ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தால் கடன் வாங்கியாவது போகலாம்.

நாங்கள் போனது தீபாவளி முடிந்த ஒரு வாரத்தில். நான், அம்மா, அங்கே வேலை பார்க்கிற தம்பி. அப்பா வரவில்லை, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று காரணம் சொன்னார், உண்மையில் விமானத்துக்குப் பயம். மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து நரிட்டா. சென்னை போய் அலையாமல் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் விமான நிலையம் என்பது முட்டி வலிக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்.

முதலில் இங்கே உள்ளூரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம்தான் கேட்டோம். பெயர் வேண்டாம். அவர் நோட்டீஸில் "அருவிக் குளியல், வெந்நீர் ஊற்றுக் குளியல், ஒரே நாளில்" என்று போட்டிருந்தார், முன்பணம் 10,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார். அந்தத் திட்டத்தைத் தம்பிக்கு அனுப்பினேன், உடனே போன் வந்தது. "அக்கா, கெகோன் அருவியில குளிக்கணும்னா மேல இருந்து குதிச்சாதான் உண்டு. யார் இதை எழுதினது?" வேண்டாம் என்று சொல்லி ரத்து செய்து மூன்று மாதம் ஆகிவிட்டது, அந்தப் பத்தாயிரம் இன்னும் "இந்த வாரம் வந்துரும்க்கா" என்ற நிலையிலேயே இருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

நிக்கோ டோக்கியோவுக்கு வடக்கே. அசகுசா ஸ்டேஷனிலிருந்து தோபு ரயில் கம்பெனியின் எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தம்பி வீடு சைதாமா பக்கம் என்பதால் நாங்கள் நடுவழியில் கசுகாபேயில் ஏறிக்கொண்டோம். ரயிலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார், இந்த வகை ரயிலில் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தோபு-நிக்கோ ஸ்டேஷனில் இறங்கியதும் டிக்கெட் கவுண்டரில் யுமோட்டோ ஒன்சென் (ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று) வரைக்கும் செல்லும் இரண்டு நாள் பஸ் பாஸ் வாங்கிவிடுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், தனித்தனியாகக் கட்டணம் கொடுத்தால் கூடுதலாகத்தான் ஆகும். பாஸ் இல்லாதவர்கள் ஏறும்போது வாசலில் இருக்கும் மிஷினிலிருந்து எண் போட்ட சின்னச் சீட்டு ஒன்றை உருவிக்கொள்ள வேண்டும். முன்னால் இருக்கிற பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே தொகை ஏறிக்கொண்டே போகும், இறங்கும்போது டிரைவர் பக்கத்துப் பெட்டியில் சரியான சில்லறையைப் போட வேண்டும். கண்டக்டர் கிடையாது. "சில்லறை இல்லைனா எறங்கச் சொல்லுவாகளா?" என்று அம்மா கவலைப்பட்டார், நோட்டைச் சில்லறையாக மாற்றுகிற மிஷினும் அதே பெட்டியில் இருக்கிறது என்று காட்டியதும்தான் நிம்மதி.

அப்புறம் இரோஹா-சகா. இந்த மலைப்பாதையைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். ஏற ஒரு ரோடு, இறங்க ஒரு ரோடு, இரண்டும் ஒருவழிப் பாதை. ஏறுவதில் 20 கொண்டை ஊசி வளைவு, இறங்குவதில் 28, ஆக மொத்தம் 48. நம் கொல்லிமலையில் 70 இருக்கிறதே, இதென்ன பிரமாதம் என்று நினைக்கலாம். விஷயம் எண்ணிக்கையில் இல்லை. பழைய ஜப்பானிய எழுத்து வரிசையை இ, ரோ, ஹா என்று தொடங்குவார்களாம், நாம் அ, ஆ, இ சொல்வதுபோல. அதில் 48 எழுத்து. ஒவ்வொரு வளைவிலும் ஒரு எழுத்தைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள், பாதைக்கும் அதனால்தான் அந்தப் பெயர். அரிச்சுவடியைப் படித்துக்கொண்டே மலை ஏறுவது மாதிரி. நம் ஊரில் இப்படி ஆரம்பித்தால் 247 வளைவு போட வேண்டும், ஔகார வரிசை வருவதற்குள் எல்லோருக்கும் குடல் வெளியே வந்துவிடும்.

வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழமோ மாத்திரையோ வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வளைவைவிட நெரிசல்தான் பெரிய தொல்லை. அக்டோபர் கடைசியில் மேப்பிள் மரங்கள் எல்லாம் சிவந்து மஞ்சளாகி நிற்கும், அதைப் பார்க்க டோக்கியோவில் பாதிப் பேர் கிளம்பி இங்கேதான் வருகிறார்கள். சாதாரண நாளில் ஸ்டேஷனிலிருந்து மேலே சூசென்ஜி ஏரிக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும், எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது, இத்தனைக்கும் அன்று வியாழக்கிழமை. சனி ஞாயிறு வைத்துக்கொள்ளவே வேண்டாம். சித்திரைத் திருவிழா அன்று கோரிப்பாளையத்தில் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரமும் ஒரு ஹாரன் இல்லை, எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது.

வழியில் குரங்கு. ரோட்டோரக் கம்பி மேல் உட்கார்ந்து, முகம் செக்கச் சிவந்து, அடர்த்தியான முடியோடு. அம்மா உடனே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அழகர்கோவிலில் மாலையையும் தேங்காயையும் பறிகொடுத்த பழக்கம். இங்கே குரங்குக்கு எதுவும் போடக்கூடாது என்று நகராட்சியே 2000-இல் சட்டம் போட்டுவிட்டது. போடாவிட்டாலும் பறிக்கிறவை உண்டாம், நினைவுப்பொருள் கடைக்காரர்கள் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள்.

இப்போது அருவி.

கெகோனின் உயரம் 97 மீட்டர். மீனாட்சியம்மன் கோவில் தெற்குக் கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினால் வருகிற உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே விழுதாக விழுகிறது, குற்றாலம் மாதிரி பாறையில் தட்டித் தட்டி இறங்குவது இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் மேலே ஒரு பார்வை மேடை இருக்கிறது, அது இலவசம், அங்கிருந்து அருவியின் தலை தெரியும். அதோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே பாறைக்குள் குடைந்து ஒரு லிஃப்ட் போட்டிருக்கிறார்கள், 1930-இலிருந்து ஓடுகிறது. ஆளுக்கு சுமார் 600 யென், இன்றைக்கு நம் பணத்தில் முந்நூற்றைம்பது ரூபாய் பக்கம். ஒரு நிமிடத்தில் 100 மீட்டர் கீழே கொண்டுபோய் விடும். இறங்கியதும் சில்லென்ற சுரங்கப் பாதை, சுவரெல்லாம் ஈரம், பிறகு சில படிகள், அதைத் தாண்டினால் மேடை. திடீரென்று சத்தம். பேசினால் காதில் விழாது. முகத்தில் நீர்த்துளி படுகிறதா என்று பார்த்தேன், காற்று நம் பக்கம் அடித்தால் லேசாகப் படும், அவ்வளவுதான்.

நான் அதிக நேரம் பார்த்தது பெரிய விழுதை அல்ல. அதற்கு இரண்டு பக்கமும், செங்குத்துப் பாறையின் நடு வயிற்றில், வரிசையாக ஒரு டஜன் சின்ன அருவிகள் பாறையிலிருந்தே பீய்ச்சிக்கொண்டு வருகின்றன. மேலே ஓடையே இல்லை, பாறைதான் கசிகிறது. தம்பி சொன்னது: பக்கத்தில் நிற்கும் நன்டாய் மலை ஒரு எரிமலை, 2,486 மீட்டர். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் அது கக்கிய குழம்பு ஆற்றை அடைத்ததில்தான் மேலே சூசென்ஜி ஏரியே உண்டானது, 1,269 மீட்டர் உயரத்தில். அந்த அடைப்பின் மேல் வழிவதுதான் கெகோன். குழம்பு அடுக்கடுக்காக இறுகிய பாறை என்பதால் அடுக்குகளுக்கு நடுவே ஏரித் தண்ணீர் புகுந்து இப்படி இடுப்பில் வெளிவருகிறது. உச்சியில் பாறை நிலையாக நிற்பதும் இல்லை, 1986-இல் விளிம்பில் ஒரு பகுதி உடைந்து விழுந்திருக்கிறது. கீழே குளிக்க ஏன் விடவில்லை என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா.

இன்னொன்றும் சொன்னான், அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு. ஏரி வாயில் ஒரு சின்ன அணை கட்டி மதகு வைத்திருக்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் அருவியில் விழ வேண்டும் என்பதை அங்கேதான் அளந்து விடுகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அழகர் எறங்குறப்ப வைகை டேம்ல தண்ணி தொறந்து விடுற மாதிரிதான?" அதே மாதிரிதான். மனிதன் திறந்துவிட்ட தண்ணீர் என்று தெரிந்த பிறகு அருவியின் அழகு குறைகிறதா என்று கேட்டால், அழகர் இறங்கும்போது ஆற்றில் நிற்கிற யாருக்கும் அந்த யோசனை வருவதில்லையே.

கெகோன் என்பது ஒரு பௌத்த சூத்திரத்தின் பெயர், சமஸ்கிருதத்தில் அவதம்சக சூத்திரம். ஷோடோ என்ற துறவி 782-இல் நன்டாய் மலை உச்சிக்கு ஏறினார், இந்தப் பக்கத்துக் கோவில்கள் எல்லாவற்றிலும் அவர் பெயர்தான். கீழே நிக்கோ ஊரில் இருக்கிற தோஷோகு ஆலயத்துக்கும், அங்கே செதுக்கியிருக்கிற மூன்று குரங்குகளுக்கும் ஒரு முழு நாள் வேண்டும், எங்களுக்கு நேரம் இல்லை, படியும் அதிகம். விட்டுவிட்டோம், வருத்தமும் இல்லை.

லிஃப்டுக்கு மட்டும் நாற்பது நிமிடம் வரிசை. அருவியை மேடையில் நின்று பார்த்தது இருபது நிமிடம், போட்டோவுக்கு ஆட்கள் முண்டாமல் ஒழுங்காக நகர்ந்தார்கள் என்பதால் அதுகூட. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டிராவல்ஸ்காரரின் திட்டப்படி வந்திருந்தால் இதோடு கதை முடிந்தது, பஸ், நெரிசல், ரயில். போக வர எட்டு மணி நேரம், இருபது நிமிட அருவி. அதனால்தான் மேலே அப்படி எழுதினேன்.

சூசென்ஜியிலிருந்து அதே பஸ் மேலே யுமோட்டோவுக்குப் போகிறது, இன்னும் அரை மணி நேரம். ஏரிக்கரை, பிறகு செஞ்சோகஹாரா என்ற பெரிய சதுப்புப் புல்வெளி, அந்தப் பருவத்தில் பொன் நிறமாகக் காய்ந்து கிடந்தது, அறுப்புக்கு நிற்கிற மேலூர் வயல் மாதிரி. கூட்டம் எல்லாம் ஏரியோடு நின்றுவிட்டது. பஸ்ஸில் நாங்களும் நாலு பேரும். கடைசி நிறுத்தத்தில் கதவு திறந்ததும் அம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: "தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, இங்க இன்னும் வெடி வாசம் போகலையே."

கந்தகம். ஊர் முழுக்க அந்த வாசம்தான். சிலருக்கு அழுகிய முட்டை மாதிரி இருக்கும், எங்களுக்கு மறுநாள் காலைத் தெருவில் காகிதக் குப்பைக்கு நடுவே வருகிற அந்த வாசம். அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை, ஒரு சின்ன ஏரி, கொஞ்சம் விடுதிகள், ஒரு கோவில், சுற்றிலும் மலை. சுமார் 1,500 மீட்டர் உயரம். கொடைக்கானலைவிடத் தாழ்வுதான், ஆனால் குளிர் அதற்குப் பத்து மடங்கு, ஸ்வெட்டரை நம்பி வராதீர்கள்.

ஊருக்குப் பின்னால் சதுப்பு நிலத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மரக் கூரைகள், நம் வயலில் மோட்டார் ரூம் இருக்குமே அதைவிடக் குட்டையாக. ஒவ்வொன்றுக்கும் கீழே ஊற்று, கொதிக்கக் கொதிக்க வருகிறது, அங்கிருந்து குழாய் போட்டு விடுதிகளுக்கு எடுத்துப் போகிறார்கள். கீழே சூசென்ஜி விடுதிகளுக்குக்கூட இங்கிருந்துதான் குழாய் வழியாக வெந்நீர் போகிறது. அதனால் குளிப்பதாக இருந்தால் ஊற்றுக்கண்ணிலேயே போய்க் குளியுங்கள் என்பது என் கட்சி. இந்த ஊற்றைக் கண்டதும் அதே ஷோடோ என்றுதான் சொல்கிறார்கள், 788-இல். ஜப்பானில் ஒன்சென் என்று யாரும் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துவிட முடியாது என்பதும் தெரிந்தது. 1948-இல் அதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள்: ஊற்றில் தண்ணீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள 19 பொருட்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். பாய்லரில் காய்ச்சிய சாதாரணத் தண்ணீரை ஒன்சென் என்று விற்க முடியாது.

அறைக்குப் போவதற்கு முன் பொதுவில் ஒரு கால் குளியல் தொட்டி இருக்கிறது, இலவசம். பெஞ்சில் உட்கார்ந்து கணுக்காலுக்கு மேல் வரை வெந்நீரில் விட்டுக்கொள்ளலாம். அம்மா புடவையை முழங்காலுக்குச் சுருட்டி, சாக்ஸைக் கழற்றி, முதலில் ஒரு விரலை விட்டார். பிறகு ஒரு பாதம். பிறகு இரண்டும். பதினைந்து நிமிடம் பேச்சே இல்லை. எங்களுக்கு எதிரே ஒரு ஜப்பானியப் பாட்டி, அவரும் அதே மாதிரி பித்தவெடிப்புக் காலோடு, அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அம்மாவும் ஆட்டினார். எழுந்து துடைக்கும்போதுதான் பார்த்தேன், அம்மாவின் இரண்டு கால் மெட்டியும் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது. கந்தகத்துக்கும் வெள்ளிக்கும் ஆகாது. கொலுசு, மெட்டி, வெள்ளி மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், இதை எந்த நோட்டீஸும் உங்களுக்குச் சொல்லாது. அம்மா பதறிவிட்டார், கல்யாணத்தன்று போட்டது, கழற்றியதே இல்லை. ஊருக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்ததில் எல்லாம் போய்விட்டது, ஓரத்து முறுக்கில் மட்டும் கொஞ்சம் கறுப்பு நிற்கிறது.

விடுதி. பெயர் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் கலந்து இருக்கிறது. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 15,000 யென், அதற்கு மேல் குளியல் வரி 150 யென். ஆமாம், குளிக்க வரி. பாய் விரித்த தரை, அதன்மேல் மெத்தை விரித்துத் தருகிறார்கள், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, கட்டிலில் படுத்தால் அவருக்கு இடுப்பு பிடிக்கும். யுகாட்டா என்று ஒரு பருத்தி அங்கி தருவார்கள், அதை இடப்பக்கம் மேலே வருமாறு சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் பிணத்துக்குக் கட்டுகிற கட்டாம். அம்மா முதலில் மாற்றித்தான் கட்டியிருந்தார், பரிமாறிய பெண் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சரிசெய்தாள்.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். அம்மாவின் வலது முன்கையில் பச்சை குத்தியிருக்கும். சின்ன வயதில் ஊருக்கு வந்த குறத்தி குத்தியது, புள்ளிக்கோலம் ஒன்று, கீழே ஒரு தேள். வரவேற்பில் கையெழுத்துப் போடக் கையை நீட்டியபோது அந்தப் பெண் பார்த்துவிட்டாள். பொதுக் குளியலறையில் பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை. அங்கே அது ரவுடிக் கும்பல்களின் அடையாளமாக இருந்து வந்த வழக்கு, பல இடங்களில் இன்னும் அந்த விதியை வைத்திருக்கிறார்கள். எழுபதை நெருங்கும் என் அம்மாவை ரவுடி லிஸ்டில் சேர்த்துவிட்டார்களே என்று எனக்குச் சிரிப்பும் கோபமும். அறை பதிவு செய்யும்போதே ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் வேறு இடம் பார்த்திருப்போம், அது அவர்கள் தப்பு. ஆனால் அந்தப் பெண் விடாமல் வழி தேடினாள். முதலில் மறைக்கிற ஸ்டிக்கர் கொடுத்தாள், தோல் நிறம். யாருடைய தோல் நிறம்? அவர்களுடையது. அம்மாவின் கறுத்த கையில் அந்த வெளிறிய பிளாஸ்திரியை ஒட்டியதும் பச்சையைவிட அதுதான் பத்தடி தூரத்திலிருந்து தெரிந்தது. அந்தப் பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு குடும்பத்துக்குத் தனியாகத் தருகிற சின்னக் குளியலறையை முக்கால் மணி நேரத்துக்குத் திறந்துவிட்டார்கள், கூடுதல் காசு வாங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அதுதான் எங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று. ஒன்சென் என்றால் உடம்பில் பொட்டுத் துணி இருக்கக்கூடாது. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனிதான், ஆனால் முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு நடுவே. தொட்டிக்குள் இறங்குவதற்கு முன், குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க இல்லை, ஊற. தலைமுடி தண்ணீரில் படக்கூடாது, துண்டும் படக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அம்மா உள்பாவாடையை மார்புக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார், ஆற்றுக்குப் போகிற மாதிரி.

"துணி தண்ணியில படக்கூடாதும்மா."

"யாரு பாக்கப் போறா?"

"நான் இருக்கேன்ல."

கொஞ்ச நேரம் யோசித்தார். "லைட்ட அணை" என்றார்.

அணைத்தேன். ஜன்னலுக்கு வெளியே நடைபாதை விளக்கு ஒன்று, அந்த வெளிச்சத்தில் தண்ணீர் பச்சை கலந்த பால் மாதிரி தெரிந்தது. ஊற்றில் வரும்போது தெளிவாகத்தான் வருமாம், காற்றுப் பட்டதும் கந்தகம் பிரிந்து பாலாகிவிடுகிறது. கையை உள்ளே விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே தெரியாது, அம்மாவின் மானம் தப்பியது. 42 டிகிரி இருக்கும். கழுத்து வரை இறங்கியதும் அம்மா வாயிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, வார்த்தை இல்லை. வெகுநேரம் கழித்து, "ரெண்டாவது கங்கா ஸ்நானம்" என்றார். என் கையைப் பிடித்துத் தன் முட்டியில் வைத்து, "இங்க வலியே இல்லடி, பாரு" என்றார், நான் கையால் தொட்டு எப்படிப் பார்க்க. முட்டி வலி போய்விடும் என்று நான் எழுதமாட்டேன், மறுநாள் மாலையே திரும்ப வந்துவிட்டது. அந்த ராத்திரி இல்லை, அவ்வளவுதான்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக உட்காராதீர்கள், எழுந்து, ஆறி, மறுபடி இறங்குங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. நானே சட்டென்று எழுந்து கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பாடு விஷயத்தில் சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். மீன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குழம்பிலும் நூடுல்ஸ் சாறிலும் காய்ந்த மீன் கொதித்திருக்கும். முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள், "மீன் சாறும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள். நிக்கோவுக்கென்று பெயர் போன ஒன்று யூபா. சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படிகிற ஏட்டைக் குச்சியால் தூக்கிச் சுருட்டி எடுப்பது. அம்மா ஒரு வாய் வைத்ததும் "பாலாடை" என்றார். பாலாடையேதான், உப்பு குறைவு. கொண்டுபோயிருந்த இட்லிப்பொடியைத் தூவியதும் பிரமாதமாக இருந்தது, பரிமாறிய பெண்ணுக்கும் கொஞ்சம் கொடுத்தோம், கண்ணில் தண்ணீர் வர நல்லா இருக்கிறது என்றாள்.

காலையில் தம்பி மட்டும் ஊர்க் கோடியில் இருக்கும் ஒன்சென்ஜி கோவிலுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தான். ஆமாம், கோவிலுக்குள்ளேயே வெந்நீர்க் குளியல், காணிக்கை கொடுத்துவிட்டுக் குளிக்கலாம். நூபுர கங்கையில் தலைக்கு ஊற்றிக்கொள்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, தண்ணீர் சூடு என்பதைத் தவிர.

திரும்பும் வழியில் யுடாகி. யுமோட்டோவில் இருக்கிற அந்தச் சின்ன ஏரி, யுனோகோ, வழிந்து விழுகிற அருவி, பஸ்ஸில் யுடாகி-இரிகுச்சி என்ற நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் அடிவாரத்துக்கே போய்விடலாம். மேலிருந்து படி வழியாகவும் இறங்கலாம், முட்டிக்காரர்கள் அதைச் செய்ய வேண்டாம். கெகோனுக்குப் பிறகு இதென்ன என்றுதான் அலட்சியமாகப் போனேன். இது நின்று விழுவதில்லை, 70 மீட்டர் உயரத்தை ஒரு சாய்ந்த பாறை மேல் அகலமாக விரித்துக்கொண்டு, நுரைத்து நுரைத்து இறங்குகிறது, நம் ஐந்தருவியையும் பழைய அருவியையும் சேர்த்துச் சரித்து வைத்த மாதிரி. பார்வை மேடை அருவியின் காலடியிலேயே இருக்கிறது. லிஃப்ட் இல்லை, டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. பக்கத்துக் கடையில் மீனைக் குச்சியில் குத்திக் கரியைச் சுற்றி நட்டு வைத்துச் சுடுகிறார்கள், உப்பு மட்டும்தான், தம்பி இரண்டு தின்றான்.

இரண்டில் ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் யுடாகியைத்தான் சொல்வேன். கெகோனை மேடையில் நின்று வேடிக்கை பார்த்தேன், இதற்கு எதிரே நின்றபோது சாரல் முகத்தில் விழுந்தது.

யு என்றால் வெந்நீர், டாகி என்றால் அருவி என்று தம்பி சொல்லியிருந்ததால் அம்மா சூடாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். கைப்பிடிக் கம்பி வரை போய், வெளியே குனிந்து, இரண்டு கையையும் நீட்டிச் சாரலைப் பிடித்தார். ஐஸ். "ஐயோ" என்று கையை இழுத்தார், ஆனால் பிடித்த தண்ணீரைக் கீழே விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டார், பிறகு அடுத்த கையைத் தம்பி தலையிலும், அதற்கடுத்து என் தலையிலும். பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

இப்போது தெருவில் யாராவது "குளிச்சீங்களா?" என்று கேட்டால் அம்மா என்னைப் பதில் சொல்லவிடுவதில்லை. "தெளிச்சுக்கிட்டோம்" என்கிறார்.